யோ, மீ, மே, கொன்மிகோ

மாத்ரித் நகரத்துப் பழைய அடுக்ககங்களின் வாசலில் வீட்டுக்கொரு பொத்தானாக ஒரு தகடு பதித்திருப்பார்கள். அங்கே தங்கியிருந்த சில மாதங்களில் அந்தத் தகட்டருகே நின்று பையைத் துழாவிச் சாவி தேடுவது எனக்கு அன்றாட வேலை. அந்த நேரம் பார்த்துப் பக்கத்தில் யாராவது வந்து ஒரு பொத்தானை அமுக்குவார்கள். மேலேயிருந்து ஒரு குரல் "கியேன்?" என்று கேட்கும். யார்? கீழே நிற்பவர் "யோ" என்பார். நான். அவ்வளவுதான். கதவு கரகரவென்று விட்டுக்கொடுக்கும்.

அந்தப் பதிலைச் சொல்ல முடியாதவர் உலகத்தில் ஒருவருமில்லை. வீட்டுக்காரரும் யோ, திருடனும் யோ. கதவைத் திறப்பது சொல் அல்ல, குரல். விளம்பரத் தாள் போட வருகிறவர் மட்டும் "கொர்ரேயோ கொமெர்தியால்" என்று தன் வேலையைச் சொல்வார். அவருக்கு அந்த வீட்டில் "நான்" கிடையாது. நம் ஊரிலும் கதவுக்கு வெளியே நின்று "நான்தான்" என்கிறவருக்கு உள்ளே ஓர் ஆள் இருந்தாக வேண்டும். அந்தத் "தான்" என்கிற ஒட்டில் எவ்வளவு உரிமை. ஸ்பானியர்கள் இதையே கொஞ்சம் நீட்டி "ஸோய் யோ" என்றும் சொல்வார்கள். இருக்கிறேன் நான் என்பது சொல்லுக்குச் சொல். "அது நான்" என்று தன்னை அஃறிணையாக்கிக்கொள்ளும் வழக்கம் அவர்களிடம் இல்லை. வினைச்சொல்லே தன்மைக்கு மாறிவிடும்.

எனக்கு அந்த யோக்கள் வியப்பாக இருந்ததற்குக் காரணம் உண்டு. என் ஸ்பானிய ஆசிரியை பல மாதமாக என்னுடைய யோக்களை அடித்துக்கொண்டிருந்தார். முதல் கட்டுரையை நான் "யோ ஸோய்" என்று தொடங்கி, யோ விவோ, யோ த்ரபாஹோ, யோ லேயோ என்று தொடுத்திருந்தேன். நான் இன்னார், நான் வசிக்கிறேன், நான் வேலை செய்கிறேன், நான் படிக்கிறேன். அரைப் பக்கத்தில் பதினோரு யோ. ஒவ்வொன்றையும் சிவப்பு மையால் வட்டமிட்டு, அடியில் "யோ, மீ, மே, கொன்மிகோ!" என்று எழுதிக் கொடுத்தார். பள்ளிக்கூடத்தில் ஒப்பிக்கும் வேற்றுமை வாய்பாடு அது. நான், என், என்னை, என்னோடு என்று நாம் அடுக்குகிற மாதிரி. இலக்கணத்தைத் திரும்பப் படி என்கிறார் போலும் என்று நினைத்து உட்கார்ந்து மனப்பாடம் செய்தேன். தன்னைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிற ஆளைக் கேலி செய்ய ஸ்பானியர்கள் அந்த வாய்பாட்டைத்தான் சொல்வார்கள் என்பது தெரிய இரண்டு மாதம் ஆயிற்று.

தமிழ்ப் பிள்ளைக்கு இந்தப் பிழை வந்திருக்கக் கூடாது. வந்தேன், தின்றேன், தூங்கினேன் என்று "ஏன்" விகுதியில் முழு மனிதனையே அடக்கிவைக்கிற மொழி நம்முடையது. அவர்களுக்கு அந்த வேலையை நிகழ்காலத்தில் "ஓ" செய்கிறது. ஆப்லோ என்றால் பேசுகிறேன், கோமோ என்றால் சாப்பிடுகிறேன். வால் இருக்க இன்னொரு தலை எதற்கு? ஆனால் நான் ஸ்பானியத்துக்கு ஆங்கில வாசல் வழியாகப் போயிருந்தேன். அந்த மொழியில் "ஐ" இல்லாமல் வாக்கியம் காலூன்றாது, அதுவும் எங்கே வந்தாலும் பெரிய எழுத்தில் நிற்கும். ஸ்பானியத்தில் யோவுக்குச் சின்ன எழுத்துதான். மாறாக, "நீங்கள்" என்று மரியாதையாகச் சொல்லும் "உஸ்தேத்"தைச் சுருக்கி எழுதும்போது அதற்குப் பெரிய எழுத்து கட்டாயம். இதில் பெரிய தத்துவம் ஒன்றும் இல்லை, எழுத்து வழக்கின் தற்செயல்தான். இருந்தாலும் எனக்குப் பிடித்த தற்செயல்.

விகுதி கைவிடும் இடத்தில் யோ தானே வந்துவிடும். கந்தாபா என்றால் பாடிக்கொண்டிருந்தேன் என்றும் பொருள், பாடிக்கொண்டிருந்தாள் என்றும் பொருள். யார் என்று குழப்பம் வருமானால் யோ போட்டே ஆக வேண்டும். நமக்கும் இது நடக்கிறது, நாம் கவனிப்பதில்லை. வந்தேன் என்பதற்கு நான் தேவையில்லை. "வரவில்லை" என்று சொல்லிப் பாருங்கள். நானா, அவனா, அவர்களா? இந்த எதிர்மறையில் நம் விகுதி வாயை மூடிக்கொள்கிறது, உடனே "நான்" கதவைத் தட்டுகிறது.

கரீபியத் தீவுகளில் கணக்கு வேறு. புவெர்த்தோ ரீக்கோவிலும் தொமினிக்கன் குடியரசிலும் கியூபாவிலும் யோவும், "நீ" என்று பொருள்படும் தூவும் மற்ற இடங்களைவிடத் தாராளமாகப் புழங்கும். அங்கே பேச்சில் சொல்லிறுதி "ஸ்" தேய்ந்துபோவதால் நீ பேசுகிறாய் என்பதும் அவன் பேசுகிறான் என்பதும் காதுக்கு ஒன்றாகிவிடுகின்றன, அதனால் பிரதிப்பெயர் தேவைப்படுகிறது என்று ஒரு விளக்கம் உண்டு. தூவுக்கு அது பொருந்தும். யோவின் "ஓ" விகுதி எங்கேயும் தேயவில்லையே, யோ ஏன் பெருகியது? நியூயார்க்கில் வாழும் ஸ்பானியம் பேசுவோரைப் பற்றி ரிக்கார்தோ ஒத்தெகுயும் ஆனா ஸெலியா ஸென்டெயாவும் எழுதி 2012இல் வந்த ஆய்வு நூல் இன்னொன்றையும் காட்டியது. அந்த நகரத்தில் பிறந்து வளர்ந்தவர்கள், புதிதாக வந்து இறங்கியவர்களைவிட அதிகமாகப் பிரதிப்பெயர்களைச் சொல்கிறார்கள். பதினோரு யோ எழுதிய எனக்கு அந்தப் பிள்ளைகள் தூரத்துச் சொந்தம்.

தேவையில்லாத இடத்தில் யோ வந்தால் என்ன ஆகும்? எதிரே இன்னொருவர் முளைத்துவிடுவார். "நோ வோய்" என்றால் நான் போகவில்லை, செய்தி. "யோ நோ வோய்" என்றால் நீங்கள் எக்கேடும் கெடுங்கள், நான் போகப்போவதில்லை. அந்த யோ எப்போதும் ஒரு "நீ"யையோ "அவன்"ஐயோ முழங்கையால் இடித்துக்கொண்டே நுழைகிறது. பிள்ளைகள் மேசையடியில் உடைந்த கிண்ணத்தைப் பார்த்துச் சொல்லும் "யோ நோ ஃபுய்", நானில்லை. எதையாவது கேட்டுத் தொந்தரவு செய்தால் தோளைக் குலுக்கிச் சொல்லும் "யோ கே ஸே", எனக்கென்ன தெரியும். அறிவுரை சொல்லத் தொடங்குகிறவர் கழுத்தைச் சாய்த்துச் சொல்லும் "யோ கே தூ". மூன்றே மூன்று அசை. சொல்லுக்குச் சொல் பார்த்தால் "நான், உன்னைவிட" என்பது போல ஏதோ பாதியில் நிற்கும். நாம் அதற்கு "உன் இடத்தில் நான் இருந்தால்" என்று ஒரு வீடே கட்ட வேண்டியிருக்கிறது. அறிவுரையைக் கேட்கிறவர்களுக்கு இரண்டும் ஒரே நீளம்தான்.

யோவைப் பிறர் பெயரோடு சேர்த்துச் சொல்லும்போது கடைசியில் வைக்க வேண்டும். பேத்ரோவும் நானும். தமிழில் நானும் அவனும் போனோம் என்று முந்திக்கொண்டால் யாரும் முகம் சுளிப்பதில்லை. அங்கே அப்படிச் சொன்ன குழந்தையிடம் பாட்டி உடனே, "எல் புர்ரோ தெலாந்தே, பாரா கே நோ ஸே எஸ்பாந்தே" என்பாள். கழுதை முன்னால் போகட்டும், மிரளாமல் இருக்க. நான் ஒருமுறை கழுதையாகியிருக்கிறேன். மிரளவில்லை.

பாட்டி சொல்லாத இடங்களும் உண்டு. 1492 ஏப்ரல் 17ஆம் தேதி, கிரனாதாவுக்குப் பக்கத்து ஸாந்தா ஃபேயில், கொலம்பஸுக்குக் கடலோடும் உரிமை கொடுத்த ஒப்பந்தத்தின் அடியில் இரண்டு கையொப்பம். யோ எல் ரேய். யோ லா ரேய்னா. நான், அரசன். நான், அரசி. ஃபெர்னாந்தோ என்றோ இஸபெல் என்றோ பெயரில்லை. அடுக்ககத்து வாசலில் "யோ" என்றவருக்கும் இவர்களுக்கும் ஓர் ஒற்றுமை இருக்கிறது, இருவருக்கும் பெயர் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் ஒருவரை ஒரு வீடு தெரிந்து வைத்திருக்கிறது. மற்றவரைத் தெரியாமல் இருப்பதற்கு யாருக்கும் அனுமதியில்லை.

தேவாலயத் திருமணத்தில் வாக்குக் கொடுக்கும் மணமகன் யோ என்று தொடங்குவான். ஞானஸ்நானம் கொடுக்கும் பாதிரியார் "யோ தே பாவ்தீஸோ" என்பார். விகுதியே போதும், இலக்கணப்படி யோ இங்கே மிகை. ஆனாலும் வாக்குக் கொடுக்கிறவன் விகுதிக்குள் ஒளிந்துகொள்ள முடியாது போலும்.

யோ என்று சொல்லக் கூச்சப்படுகிறவர்களுக்கும் அந்த மொழி வழி வைத்திருக்கிறது. "உன் ஸெர்விதோர்", ஓர் ஊழியன். நம்முடைய அடியேன்தான். ஒரு காலத்தில் வகுப்பில் பெயர் கூப்பிட்டால் "உள்ளேன் ஐயா" என்பதற்குப் பதில் அங்கே "ஸெர்விதோர்" என்று எழுந்து நின்றார்கள். இன்று பெரும்பாலும் வயதானவர்கள் வாயில் மட்டும், பாதிக் கிண்டலாக. "எஸ்தே கூரா" என்றும் சொல்வார்கள், இந்தப் பாதிரி. சொல்கிறவருக்கும் கோயிலுக்கும் சம்பந்தமே இருக்காது. "மெந்தா" என்று இன்னொரு சொல், ஸ்பெயினின் ஜிப்ஸிகள் பேசும் காலோவிலிருந்து வந்தது. அந்த மக்களின் ரொமானி மொழிக்கு வேர் வட இந்தியாவில். தெருவில் ஒருவன் நெஞ்சைத் தட்டிக்கொண்டு "எல் மெந்தா கிளம்பறான்" என்று படர்க்கையில் சொல்லும்போது, நம் பக்கத்திலிருந்து என்றோ நடையைக் கட்டியவர்களின் "நான்" அங்கே நிற்கிறது. அலுத்துப்போனவர்கள் "ஊனோ ஸே கன்ஸா" என்பார்கள், ஒருவன் களைத்துப்போகிறான். "மனுஷன் எவ்வளவுதான் தாங்குவான்" என்று நாம் நம்மைச் சொல்லிக்கொள்கிறோமே, அது.

இனி மீ. இங்கே வந்ததும் எனக்கு முதல் தடவையாகத் தலை நிமிர்ந்தது. "மே கூஸ்தா எல் காஃபே". எனக்குக் காப்பி பிடிக்கும். வகுப்பில் இருந்த இங்கிலாந்துக்காரர் இந்த வாக்கியத்தோடு ஒரு மாதம் மல்லுக்கட்டினார். காப்பி எனக்கு இனிக்கிறது என்றால், இனிக்கிற காப்பி எழுவாய் என்றால், நான் எங்கே போனேன் என்பது அவர் கவலை. எனக்குத் தலை வலிக்கிறது, எனக்குக் கூச்சமாக இருக்கிறது, எனக்குத் தோன்றுகிறது என்று நான்காம் வேற்றுமையிலேயே பிறந்து வளர்ந்தவனுக்கு அது வீட்டுத் திண்ணை. அந்த இங்கிலாந்துக்காரர், "காப்பி பிடிக்கும்" என்று யாராவது சொன்னதும் "யோ தம்பியேன்" என்பார், நானும். ஆசிரியை திருத்துவார், "அ மீ தம்பியேன்". எனக்கும். தம்பியேன் என்றால் "கூட" என்று பொருள். ஒவ்வொரு முறை அது காதில் விழும்போதும் யாரோ என்னைத் தம்பி என்று கூப்பிட்ட மாதிரி இருந்தது என்பதை நான் அங்கே சொல்லவில்லை.

எல்லாம் ஒத்துப்போய்விடவில்லை. பசியை அவர்கள் வைத்திருக்கிறார்கள், தெங்கோ ஆம்ப்ரே. வயதையும் வைத்திருக்கிறார்கள். நமக்குப் பசி வரும், வயது ஆகும்.

மே என்ற சிற்றசையைப் பற்றித்தான் உண்மையில் எழுத உட்கார்ந்தேன். யோவைத் தேடித் தேடி அடித்த ஆசிரியை, நான் விட்டுவிட்ட இடங்களில் மேயைத் தேடித் தேடிச் செருகினார். மேசையிலிருந்து கண்ணாடித் தம்ளர் விழுந்தால் "ஸே கயோ", விழுந்துவிட்டது. என் கையிலிருந்து விழுந்தால் "ஸே மே கயோ". மறந்துபோனால் "ஸே மே ஓல்விதோ". தன் தவற்றைத் தம்ளர் தலையில் கட்டித் தப்பித்துக்கொள்ளும் வாக்கியம் என்று இதைக் குறை சொல்கிறவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. தப்பிக்க நினைக்கிறவனுக்கு "ஸே கயோ" போதுமே. நடுவில் ஒரு மே வைக்கிறவன், நான் தள்ளவில்லை, ஆனால் நான் அங்கே இருந்தேன், அது என் கையில் இருந்தது என்கிறான். நாம் "கைதவறிப் போச்சு" என்று சொல்லும்போதும் கை நம்முடையதுதான்.

"வோய்" என்றால் போகிறேன். "மே வோய்" என்றால் கிளம்புகிறேன், இங்கிருந்து என்னை எடுத்துக்கொண்டு. கேக்கைச் சாப்பிட்டேன் என்பதற்கும் "மே கோமீ" என்று மேயோடு சொல்வதற்கும் நடுவில் இருப்பது நம் "தின்றுதீர்த்துவிட்டேன்" என்பதில் இருக்கிற அந்தத் துணைவினை. தட்டில் துளி மிச்சமில்லை.

ஒருநாள் காய்ச்சலுக்காக மருத்துவரிடம் போய்க் காத்திருந்தேன். பாதி திறந்த கதவுக்குள் ஓர் அம்மா, மடியில் பிள்ளையோடு. "தொக்தோர், எல் நீன்யோ நோ மே கோமே" என்று அழாக்குறையாகச் சொன்னாள். அப்போது எனக்குத் தெரிந்த இலக்கணத்தில் அதற்கு ஒரே பொருள்தான். டாக்டர், பிள்ளை என்னைத் தின்ன மாட்டேன் என்கிறது. மருத்துவர் நிதானமாக எத்தனை நாளாக என்று கேட்டார். நான் காய்ச்சலின் மேல் பழியைப் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

பிள்ளை சாப்பிட மாட்டேன் என்கிறது, அவ்வளவுதான் செய்தி. அந்த மே வாக்கியத்துக்கு வேண்டியதே இல்லை. எடுத்துவிட்டாலும் இலக்கணம் நிற்கும், செய்தியும் நிற்கும். போய்விடுவது அம்மா. பிள்ளை உண்ணாமல் இருப்பது தனக்கு நடக்கிறது என்பதைச் சொல்ல அவளுக்கு அந்த ஓர் அசை போதுமாக இருந்தது. "என் பிள்ளை" என்றுகூட அவள் சொல்லவில்லை, எல் நீன்யோ, வெறும் "பிள்ளை". உடம்பையும் உறவையும் ஸ்பானியர்கள் என், எனது என்று அடிக்கடி உரிமை கொண்டாடுவதில்லை. எனக்கு வலிக்கிறது தலை, எனக்குக் கழுவிக்கொள்கிறேன் கைகளை. உடைமையாகச் சொல்ல வேண்டியதை எல்லாம் நிகழ்வாகச் சொல்லிவிடுகிறார்கள். நம் அம்மா "என் புள்ள சாப்பிடவே மாட்டேங்குது டாக்டர்" என்பாள். அந்த "என்"னில் இருக்கிற தவிப்பு அங்கே மேயில் இருக்கிறது.

இலக்கணக்காரர்கள் இதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள், வாக்கியத்தோடு உணர்ச்சியால் மட்டும் ஒட்டிக்கொண்ட நான்காம் வேற்றுமை என்கிறார்கள். லத்தீனிலிருந்தே உண்டாம். இருக்கட்டும். நோய்ப்படுக்கையருகே உட்கார்ந்திருக்கிறவர்கள் "நோ தே மே முவேராஸ்" என்பார்கள். செத்துவிடாதே என்பதற்கு மே வேண்டியதில்லை. செத்துவிடாதே எனக்கு. தமிழில் அப்படியே எழுதினால் கோணலாக இருக்கிறது. "என்னை விட்டுட்டுப் போயிடாதே" என்றுதான் நாம் சொல்வோம். தந்தை இறந்த செய்தியை நாளிதழ் மேயில்லாமல் சொல்லும். மகன் "ஸே மே முரியோ" என்பான். அவர் இறந்தார், என் மேல் இறந்தார், என் கைக்குள்ளிருந்து நழுவினார். தம்ளர் விழுந்ததைச் சொன்ன அதே அச்சு. முதலில் எனக்கு அது அதிர்ச்சியாக இருந்தது. பிறகு அந்த வாக்கியத்தைச் சொல்ல எனக்கே ஒரு வாய்ப்பு வந்தது. ஊரிலிருந்து தொலைபேசி வந்த மறுநாள், வகுப்புக்கு ஏன் வரவில்லை என்று ஆசிரியை கேட்டதற்கு யோசிக்காமல் வாயில் வந்தது அதுதான். அவர் திருத்த ஒன்றுமில்லை.

கொன்மிகோ, என்னோடு. லத்தீனில் "மேகும்", அதில் மே என்பது என், கும் என்பது ஓடு. காலப்போக்கில் அது "மிகோ" என்று மழுங்கிப்போய், கடைசியில் ஒட்டியிருந்த "கோ" ஒரு காலத்தில் "ஓடு"வாக இருந்தது என்பதையே மக்கள் மறந்துவிட்டார்கள். மறந்ததும் முன்னால் இன்னொரு "கொன்" போட்டார்கள். ஓடு-என்-ஓடு. இரண்டு பக்கமும் அணைத்துப் பிடித்திருக்கிற இந்தச் சொல்லைத்தான் தற்பெருமைக்காரனைக் கேலி செய்யும் வாய்பாட்டின் முடிவில் வைத்திருக்கிறார்கள்.

நாங்கள் என்பதற்கு "நோஸோத்ரோஸ்". பிரித்தால் நோஸ், ஓத்ரோஸ். நாம், மற்றவர்கள். இடைக்காலத்தில் வெறும் நோஸ் போதுமானதாக இருந்தது, உங்களிலிருந்து வேறான நாங்கள் என்று அழுத்திச் சொல்ல மட்டும் ஓத்ரோஸ் சேர்த்தார்கள். பிறகு அந்த அழுத்தமே வழக்கமாகி, அழுத்தம் போய்விட்டது. நாமும் நாங்களும் என்ற இரண்டு சொல்லை வைத்திருக்கிறவனுக்கு இது ஒரு வாய்ப்பு கைநழுவிய கதையாகத் தெரிகிறது. வேடிக்கை என்னவென்றால், ஸ்பானியர்கள் கப்பலேறிப் போய் இறங்கிய மண்ணில் அந்த இரண்டு சொல்லும் இருந்தன. பராகுவேயின் குவாரனி மொழியில் "ஞாந்தே" என்றால் நாம், "ஓரே" என்றால் நாங்கள். ஆண்டஸ் மலையின் கெச்சுவாவிலும் அந்தப் பிரிவு உண்டு. 1992 அரசியலமைப்பின்படி குவாரனியும் ஸ்பானியமும் பராகுவேயின் ஆட்சிமொழிகள். ஆக, தங்கள் அரசைத் தங்களுடையது என்று சொல்ல அந்த மக்களிடம் இரண்டு "எங்கள்" இருக்கிறது, ஒன்றில் கேட்கிறவரும் அடக்கம்.

அந்த நாட்டில்தான் 1814 முதல் 1840இல் சாகும்வரை ஹோஸே கஸ்பார் ரொத்ரீகஸ் தே ஃபிரான்ஸியா ஒற்றை ஆளாக ஆண்டார். புலம்பெயர்ந்து வாழ்ந்த அகுஸ்தோ ரோவா பாஸ்தோஸ் அவரைப் பற்றி எழுதி 1974இல் வெளியான நாவலுக்கு "யோ எல் சுப்ரேமோ" என்று பெயர். நான், உயர்ந்தோன். யோ எல் ரேயின் நேர்வாரிசு. அந்த நாவலுக்குள் சர்வாதிகாரி தன்னை யோ என்றும் "எல்", அதாவது அவன் என்றும் இரண்டாகப் பிளந்துகொள்கிறார். செத்துப்போவது யோ, ஆட்சியில் தங்கிவிடுவது அவன். எழுத்தாளர் போர்ஹெஸும் தன்னை இப்படிப் பிரித்துப் பார்த்திருக்கிறார், ஆனால் ஒரே பக்கத்தில், ஆள்பவனின் அகங்காரம் இல்லாமல். "போர்ஹெஸ் இ யோ" என்ற அந்தச் சிறு உரைநடையில் புகழ்பெற்ற போர்ஹெஸ் ஒருவர், தெருவில் நடக்கிற யோ ஒருவர். தலைப்பில் யோ கடைசியில் இருப்பதைக் கவனியுங்கள். பாட்டி வளர்த்த பிள்ளை.

நான் திரும்பிவரும் வாரத்தில் ஒரு சனிக்கிழமை, வீட்டருகே இருந்த சந்தையில் மீன் வாங்கப் போனேன். அங்கே வரிசையில் யாரும் ஒருவர் பின் ஒருவராக நிற்பதில்லை. கடை முன்னால் கூட்டமாக, பேசிக்கொண்டு, ஆலிவ் கடைப் பக்கம் போய்விட்டுக்கூட வருவார்கள். புதிதாக வருகிறவர் பொதுவாக "லா ஊல்திமா?" என்று கேட்பார், கடைசி யார்? ஒரு கை உயரும், "யோ" என்று ஒரு குரல் வரும். அந்த முகத்தை நினைவு வைத்துக்கொண்டால் போதும். அடுத்தவர் வந்து கேட்கும்வரை கடைசி ஆள் நீங்கள்.

நான் கேட்டேன். சக்கரம் வைத்த பையோடு நின்ற கிழவி ஒருத்தி திரும்பி, "ஸெர்விதோரா" என்றாள். தலையசைத்துவிட்டு அவளுக்குப் பின்னால் ஒரு மீன்பெட்டிக்கருகில் ஒதுங்கினேன். பனிக்கட்டி உருகி ஷூவில் சொட்டிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில், குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓர் இளம்பெண் அவசரமாக வந்தாள்.

"கடைசி யாரு?"

யாரும் பேசவில்லை. கிழவி என்னைப் பார்த்தாள்.

"யோ," என்றேன்.